ஆடியில் மட்டும் ஓய்ந்த பகைவன்

“பகை முடிக்கக் கிளம்பினவன் பஞ்சாங்கம் பார்ப்பானா, மணி?”

சன்னலோரம் நின்று மழையை நோக்கியவாறே சங்கவி கேட்டாள்.

அவளுடைய உதவியாளன் மணிவேலின் வாய் நிறைய ஜால்முரி இருந்தது. பொரியில் கலந்த கடுகெண்ணெயின் காரம் மூக்கில் ஏற, எழுந்த தும்மலை அடக்கிக்கொண்டு அவன் விடை பகர்ந்தான்.

“எங்க திருநெல்வேலிப் பக்கம் நல்ல நேரம் பார்த்துத்தான் மேடம் அரிவாளுக்கே சாணை பிடிப்பாங்க.”

“வேடிக்கைக்குக் கேட்கலை.”

“அப்போ பார்க்க மாட்டான். கோபம் வந்தவனுக்கு ஏது கிழமையும் நாளும்?”

சங்கவி தலையசைத்தாள். பவானிபூரில், ஜதுபாபு பஜாருக்கு எதிரே, ஒரு புடைவைக் கடையின் மாடியில் இருந்தது அவளது துப்பறியும் நிலையம். புரட்டாசி மேகம் கருங்குன்றம் பெயர்ந்து வந்தாற்போல் நகரின்மீது கவிந்திருந்தது. மகாளயம் நெருங்கிவிட்டது. தெருமுனையில் பூஜைப் பந்தலுக்காக நட்ட மூங்கில்கள் துணி போர்த்தப்படாமல் மழையில் நனைந்து நின்றன. அவற்றைப் போலவே ஒரு நல்ல பிள்ளையின் வாழ்வும் இன்று பிற்பகலுக்குள் நனைந்து போகப் போகிறது என்னும் எண்ணம் அவள் நெஞ்சை முள்ளாய் உறுத்திக்கொண்டிருந்தது.

காரியம் இதுதான். இதே பவானிபூரில் ‘மகேஸ்வரி விருந்தகம்’ என்றால் தமிழர் மட்டுமல்லர், வங்காளிகளும் அறிவர். திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று எது நிகழ்ந்தாலும் அங்கே மகேஸ்வரியம்மாளின் அண்டா ஏறும். வங்காளிகளின் வரவேற்பு விருந்துகளிலுங்கூட, மீனுக்கும் இனிப்புக்கும் நடுவே அவருடைய தோசைக்கல் ஒன்று புகைந்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் வழி செய்தது அவருடைய இணையதளம். கொல்கத்தாவில் தமிழ் விருந்து வேண்டுமென்று தேடுபொறியில் எவர் தட்டினாலும் முதலில் தோன்றிய பெயர் அவருடையது. ஆவணியில் அப்பெயர் சரியத் தொடங்கிற்று. இன்றோ எந்தப் பக்கத்திலும் இல்லை. தொலைபேசி ஊமையாயிற்று. சமையலாட்கள் கைகட்டி அமர்ந்திருந்தனர்.

தேடுபொறியை நடத்துவோர் ஓர் அறிவிப்பும் அனுப்பியிருந்தனர். உம் தளத்தை நோக்கி இயற்கைக்கு மாறான இணைப்புகள் வருகின்றன, ஆகவே தண்டனை. ஒரு தளம் மற்றொரு தளத்தைச் சுட்டிக் காட்டுவது, ஒருவர் மற்றொருவருக்காகச் சான்று சொல்வதை ஒக்கும். சான்று தானாக வந்தால் இயந்திரம் தளத்தை உயர்த்தும். கூலிக்கு வாங்கியதென்று ஐயுற்றால் ஒதுக்கி வைத்துவிடும். மகேஸ்வரியம்மாளின் தளத்துக்குச் சான்று சொன்னவையோ, தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில்களின் தளங்கள்! பக்கந்தோறும் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், ‘மகேஸ்வரி விருந்தகம், பவானிபூர்’ என்றிருந்தது.

காவலற்ற கோயில் தளங்களுக்குள் எவனோ களவாகப் புகுந்து, அம்மையாரைக் கெடுக்கவே இவற்றை நட்டுவிட்டான் என்று ஆலோசகர் ஒருவர் கூறினார். அவ்வாறே மகேஸ்வரியம்மாளும், ‘எதிரிகளின் செயல், மன்னித்தருள்க’ என்று மேல்முறையீடு எழுதினார். அது மறுக்கப்பட்டது.

அந்த எதிரிக்கு மகேஸ்வரியம்மாள் ஒரு பெயரும் வைத்திருந்தார். நரேன். தளத்தை அமைத்துக் கொடுத்தவன். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. பங்குனியில் இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, ‘இப்படியே போனா ஒரு நாள் நீங்க எந்தப் பக்கத்திலயும் இருக்க மாட்டீங்க’ என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டுப் போனவன். இப்போது சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

‘செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள நீங்க வேற பேரைக் கொண்டு வரலைன்னா, அவன் கம்பெனிக்குப் புகார் போகும். அப்புறம் போலீஸ்’ என்று மகேஸ்வரியம்மாள் சங்கவியிடம் கண்டிப்பாகக் கூறியிருந்தார். இன்று செவ்வாய். மதிய உணவு நேரம் கடந்துகொண்டிருந்தது.

“இங்கே வா. இந்தக் கோட்டைப் பார்” என்று சங்கவி கணினித் திரையைச் சுட்டினாள்.

இணைப்புகள் எந்நாளில் எத்தனை முளைத்தன என்று காட்டும் கோடு அது. சித்திரையில் தரையிலிருந்து தலைதூக்கி, மெல்ல ஏறி, ஓரிடத்தில் சட்டென்று படுத்துக்கிடந்தது. படுத்த இடத்தின் நடுவே, பொட்டல் வெளியில் ஒற்றைப் பனை நின்றாற்போல் ஒரே ஒரு நாள் மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன்பின் மறுபடியும் தரை. பிறகு முன்னிலும் வேகமாக ஏற்றம்.

“நடுவுல ஆள் ஊருக்குப் போயிருப்பான்” என்றான் மணிவேல்.

“ஒரு நாள் மட்டும் திரும்பி வந்தானா?”

சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியிடம் சென்றாள் சங்கவி. மகேஸ்வரி விருந்தகம் புத்தாண்டுக்குக் கொடுத்தது அது. தாளைக் கிழித்தெறியாமல் மடித்துச் செருகி வைப்பது அவள் வழக்கம். மடித்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பின்னோக்கிச் சென்று, கோடு படுத்த நாளைக் காட்டினாள். தாளின் மூலையில் ‘ஆடி 1’ என்றிருந்தது. கோடு எழுந்த நாளைக் காட்டினாள். ஆவணி பிறந்த நாள்.

“நடுவிலே நிற்கிற அந்தப் பனைமரம்?” என்றான் மணிவேல். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

“ஆடிப்பெருக்கு.”

“அடேங்கப்பா! ஆடியிலே துணிக்கடைக்காரன்தான் தள்ளுபடி கொடுப்பான். நம்மாளு குத்தத்தையே தள்ளிப் போட்டிருக்கான்!” என்றவன், சற்று நின்று, முகம் வாடினான். “மேடம், இது வங்காளிப் போட்டிக்காரன் வேலை இல்லை. வெளிநாட்டுக்காரன் வேலையும் இல்லை. ஆடியிலே எதையும் புதுசாத் தொடங்கக் கூடாது, பதினெட்டாம் பெருக்கு மட்டும் விலக்குன்னு தெரிஞ்சவன் தமிழன். அப்படீன்னா...”

“சொல்லு.”

“நரேன் கழுத்துலதான் கயிறு இறுகுது. இதை நாம கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.”

அதே அச்சம் சங்கவிக்கும் இருந்தது. தான் ஏற்றிய விளக்கே தான் காக்க எண்ணியவனைக் காட்டிக் கொடுத்துவிடுமோ? படியில் ஈரச் செருப்பின் ஓசை கேட்டது. அவள் திரையை அணைத்துவிட்டு நாள்காட்டியின் தாள்களைப் பழையபடி மடித்தாள்.

நரேன் நனைந்த குடையோடு உள்ளே வந்தான். ஒல்லியான உடல், இரவெல்லாம் உறங்காத கண்கள்.

“போஷோ, போஷோ” என்று மணிவேல் தனக்குத் தெரிந்த வங்காளத்தில் உட்காரச் சொல்லி, பொரிப் பொட்டலத்தை நீட்டினான்.

“வேணாம் தாதா. தொண்டையிலே இறங்காது.” நரேனின் தமிழில் வங்காளத்தின் உருட்டல் இருந்தது; அண்ணன் அவனுக்குத் தாதா, அக்கா தீதி, மகேஸ்வரியம்மாள் மாஷிமா. “சங்கவிதி, மாஷிமா நிஜமாவே மெயில் அனுப்பிடுவாங்களா? சின்ன வயசுல அவங்க கடையிலதான் நான் இட்லி தின்னு வளந்தேன். அம்மாவுக்கு இன்னும் நான் சொல்லலை.”

“அவங்ககிட்ட நீ மிரட்டினது உண்மைதானே?”

“மிரட்டல் இல்லே தீதி. எச்சரிக்கை! ‘கொல்கத்தாவிலேயே சிறந்த’ங்கிற வார்த்தையைப் பக்கத்துக்கு அம்பது தடவை எழுதச் சொன்னாங்க. அப்படித் திணிச்சா இயந்திரம் தள்ளி வெச்சிடும், ஒரு நாள் எந்தப் பக்கத்திலயும் இருக்க மாட்டீங்கன்னு சொன்னேன். அதை எல்லாரும் சாபம்னு எடுத்துக்கிட்டாங்க.”

சங்கவி தேநீர்க் கோப்பையை அவன்புறம் நகர்த்தினாள். பேச்சோடு பேச்சாக, வேறெதையோ எண்ணியவள்போல் கேட்டாள்.

“எங்க சொந்தத்திலே ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப் போச்சு. உங்க வீட்டிலே ஆடி மாசம் பார்ப்பீங்களா நரேன்? இந்த வருஷம் ஆடி எப்போ முடிஞ்சுது?”

நரேன் குழம்பினான். “ஆடின்னா... ஆஷாட் தானே? ரத யாத்திரை வர்ற மாசம். அது எப்பவோ போயிடுச்சே! சரியான மழை ஆரம்பிக்கிறப்பவே முடிஞ்சிடும். அப்புறம் ஷ்ராபோன்... ஏன் தீதி?”

“ஒண்ணுமில்லை. டீயைக் குடி.”

சங்கவி எழுந்து அடுத்த அறைக்குச் சென்றாள். மணிவேல் பின்னாலேயே ஓடினான்.

“பெயரிலே உறவு, நாளிலே தூரம்” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “வங்காளிகளோட ஆஷாட் மாசம், நம்ம ஆனியிலேயே வந்து போயிடும். நம்ம ஆடி பிறக்கிறப்போ இங்கே ஷ்ராபோன். இந்தப் பையன் ஆடிக்கு அஞ்சி ஓய்வெடுத்திருந்தா, ஒரு மாசம் முன்னாடியே ஓய்வெடுத்திருப்பான்.”

“நடிக்கிறான்னு வெச்சுக்கோங்களேன்?”

“நடிக்கிறவனுக்கு எந்த இடத்திலே நடிக்கணும்னு தெரியணும், மணி. அந்தக் கோட்டை அவன் பார்க்கவே இல்லையே.”

மணிவேல் மூச்சு விட்டான். “அப்பாடா! கயிறு அவுந்துது. ஆனா யார் கழுத்துக்குப் போகப் போகுது?”

“அதைத்தான் காலையிலிருந்து யோசிக்கிறேன். கடைப் பெயர் ஆவணியிலே விழுந்துது. விழுந்த பிறகு பகைவன் என்ன செய்யணும்?”

“பாயாசம் வெச்சுக் குடிக்கணும்.”

“இவன் அதுக்குப் பிறகுதான் இன்னும் வேகமா இணைப்பு நட்டிருக்கான். அணைந்துபோன விளக்கை ஒருத்தன் ஊதிக்கிட்டே இருப்பானா? அதுக்குப் பக்கத்திலே குனிந்து பாடுபடுகிறவன் எண்ணெய் ஊற்றுகிறவனாத்தான் இருக்கணும்.”

மணிவேலின் கண்கள் விரிந்தன.

“ஆடியை விலக்கி, பெருக்கைப் பார்த்து, நாள் தேர்ந்து ஒரு காரியத்தைச் செய்கிறவன், தான் நல்லது செய்கிறதா நம்புகிறவன்” என்றாள் சங்கவி. “நாம இத்தனை நாளும் ஒரு பகைவனைத் தேடினோம். தேட வேண்டியது அன்பனை. குடையை எடு. நரேனையும் கூட்டிக்கொள்.”

கீழே ஒரு மஞ்சள் டாக்சி அகப்பட்டது. பாதித் தெருவைப் பந்தலும் மீதியை மழைநீரும் அடைத்திருக்க, வண்டி நத்தையாய் ஊர்ந்தது. ஓட்டுநரின் முன்னிருந்த சிறு கடிகாரத்தை நரேன் நொடிக்கொரு தரம் நோக்கினான்.

“நடந்திருந்தா இந்நேரம் போயிருப்போம்” என்றான் மணிவேல். “இந்த வண்டிக்கு ஆடி மாசம் இன்னும் முடியலை போலிருக்கு.”

சங்கவி தன் கைப்பேசியில் கோயில் தளங்களில் ஒன்றைத் திறந்தாள். சோழநாட்டில் எங்கோ ஒரு வாய்க்காற்கரைச் சிற்றூர், சிறிய சிவாலயம். பக்கத்தின் மேலே அர்ச்சகரின் எண் இருந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் ஆராய்ந்தும், பூட்டை உடைத்தது யாரென்று கேட்டார்களே ஒழிய, வீட்டுக்காரரை எவரும் கேட்கவில்லை. அவள் அழைத்து, ஒலியை மூவரும் கேட்கும்படி வைத்தாள்.

“சுவாமி, உங்க கோயில் பக்கத்திலே அடியில ஒரு விருந்தகத்தோட பேர் இருக்கே. யாரோ உங்களுக்குத் தெரியாம உள்ளே புகுந்து வெச்சுட்டாங்களோன்னு...”

“திருட்டா? சிவ சிவா!” என்று மறுமுனையில் ஒரு முதிய குரல் பதறிற்று. “அது உபயம்மா! எங்களை மாதிரிச் சின்னக் கோயில்களுக்கெல்லாம் ஒரு தொண்டர் குழுதான் பக்கம் போட்டுத் தருது. அதை நடத்தறதுக்குப் புண்ணியவான் யாரோ உபயம் கொடுத்திருக்கார். டியூப்லைட்டுல உபயக்காரர் பேர் எழுதறதில்லையா, அது மாதிரிப் பக்கத்துக்குப் பக்கம் பேர் போட்டிருக்கு. என் கோயில் மட்டுமில்லே, ஊரூரா எத்தனையோ கோயில்.”

“கொடுத்தவர் பெயர்?”

“சொல்லப்படாதுன்னு கேட்டுண்டிருக்கார். அர்ச்சனைக்கு மட்டும் பேரும் நட்சத்திரமும் வந்துது. மகேஸ்வரி, உத்திரட்டாதி. அந்தம்மா நன்னா இருக்காளோ?”

“இருக்காங்க சுவாமி” என்று கூறிச் சங்கவி அழைப்பை முடித்தாள்.

“நட்சத்திரம்” என்றான் மணிவேல். “என் நட்சத்திரம் எங்கம்மாவைத் தவிர இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது. எனக்கே சந்தேகம்தான்.”

விருந்தகத்தில் மதியக் கூட்டம் இல்லை. பளிங்கு மேசைகளின்மேல் நாற்காலிகள் தலைகீழாகக் கிடந்தன. உள்ளேயிருந்து பெருங்காயமும் ஈரக் கொத்தமல்லியும் மணத்தன. கல்லாவில் மகேஸ்வரியம்மாள் அமர்ந்திருந்தார். அகன்ற நெற்றி, அதில் தேய்ந்த குங்குமம். மாசியில் நெஞ்சை அறுத்துச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு சற்று மெலிந்திருந்தாலும், குரல் மட்டும் மெலியவில்லை. மூலையில், சாமி படத்தின் கீழ், அவர் கணவர் சிதம்பரம் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் பணிசெய்து ஓய்வு பெற்ற அமைதியான மனிதர். பூக்கூடையின் அருகே அவருடைய கைப்பேசி கிடந்தது.

நரேன் வாசற்படிக்கு வெளியே மழைச்சாரலில் நின்றுவிட்டான்.

“அவனை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?” என்றார் மகேஸ்வரியம்மாள். குரலில் சினத்தைவிடப் பதற்றம் மிகுந்திருந்ததைச் சங்கவி கவனித்தாள். காரணம் அப்போது விளங்கவில்லை.

“அவன் செய்யலைம்மா. உங்க நட்சத்திரம் என்ன?”

“உத்திரட்டாதி. எதுக்குக் கேக்குறீங்க?”

“கொல்கத்தாவிலே அது யாருக்குத் தெரியும்?”

“யாருக்குத் தெரியும்? எனக்கும், இவ...”

சொல் பாதியில் நின்றது. அம்மையார் மெல்லத் திரும்பினார். மூலையில் நாரின் சுருக்கு இறுகாமல் நெகிழ, ஒரு கண்ணி பூ தரையில் சிதறிற்று.

“நான்தான் கொடுத்தேன்” என்றார் சிதம்பரம். “கோயிலுக்குக் கொடுத்ததைப் பத்திக் கேக்கறாங்களா? அதுக்கும் கடைக்கும் என்ன சம்பந்தம், மகேசு?”

சிதம்பரம் சிதறிய பூக்களைப் பொறுக்கியவாறே தொடர்ந்தார்.

“அலிப்பூர் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து வேண்டிக்கிட்டேன். நீ பிழைச்சு எந்திரிச்சா ஆயிரத்தெட்டுக் கோயில்ல உன் பேருக்கு உபயம்னு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்கே போக? பக்கத்துக்குப் பக்கம் பேர் போடறோம்னு அந்தக் குழுவில சொன்னாங்க. பேரைத் தொட்டா நம்ம கடை திறக்கணும்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். சாமி கும்புடறவங்க பசிக்கு வரட்டுமேன்னு...”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா சிரிப்பியே. டியூப்லைட்டு மேலே பேர் எழுதினா வெளிச்சம் எந்த வழியா வரும்னு நீதானே கேட்டே.”

மகேஸ்வரியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஆடியிலே நிறுத்தி வெச்சீங்களே ஐயா” என்றான் மணிவேல். “ஆடியிலே கோயிலுக்குச் செய்யலாமே?”

“கூழ் ஊத்தலாம் தம்பி. அது சாமிக்கு. ஒருத்தர் பேரைப் புதுசா ஓர் இடத்துல வெக்கறது வேற. புதுசா வெக்கறதை யாராவது ஆடியில வெப்பாங்களா? பெருக்கன்னிக்கு மட்டும் வெச்சேன்.”

“ஆவணியிலே வியாபாரம் விழுந்தப்போ?” சங்கவி தயங்கியே கேட்டாள்.

“இவளுக்குச் சனியோட பார்வைன்னு நினைச்சேன். விழ விழ, இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்தேன்.”

சங்கவி தன்னால் இயன்ற மென்மையோடு விளக்கினாள். உபயம் என்பதை இயந்திரம் அறியாது. பொருள் கொடுத்துப் பெற்ற ஒரே பெயரை ஆயிரம் பக்கங்களில் கண்டால், சான்றுகளை விலைக்கு வாங்கினார் என்றே அது முடிவுகட்டும். கேட்கக் கேட்க அம்முதியவரின் முகம் மாலைத் தாமரையாய்க் கூம்பிற்று. தம் கையாலேயே மனைவியின் கடையை மூடிக்கொண்டிருந்தோம் என்பதை அவர் கடைசிச் சொல்லில்தான் உணர்ந்தார்.

“இப்போ என்ன செய்யணும்?” என்றார் மகேஸ்வரியம்மாள்.

“எல்லாத்தையும் எடுக்கச் சொல்லணும். எடுத்த பிறகு, எதிரி செய்யலை, நாங்களே வெச்சதுதான்னு ஒத்துக்கிட்டு எழுதணும். முதல் முறையீடு பொய்யாப் போனதாலேதான் மறுத்தாங்க.”

“எடுக்கறதா?” சிதம்பரம் எழ முயன்று, முழங்கால் இடம் கொடாமல் அமர்ந்தார். “உன் உயிருக்காகக் கொடுத்தது, மகேசு. ஏத்தின விளக்கை நானே போய் ஒவ்வொண்ணா அணைக்கணுமா?”

“இந்தக் கடையும் என் உயிருதாங்க.”

அவர் தலை குனிந்தார். அம்மையாரின் கை, கல்லாவின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. இருவரில் எவர் பக்கம் பேசுவதென்று சங்கவிக்குத் தெரியவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகு வழக்கமாக வரும் நிறைவு அன்று அவளை எட்டிப் பார்க்கவும் இல்லை.

“மேஷோ” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியவரை நரேன் சிறுவயது முதல் அப்படித்தான் அழைப்பான். “பேர் இருக்கட்டும் மேஷோ. எடுக்க வேணாம்.”

எல்லோரும் திரும்பினர். அவன் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான்.

“இணைப்புக்குப் பின்னாலே ஒரு குறிப்பு எழுதலாம். இது காணிக்கை, இதைப் பின்தொடராதேன்னு இயந்திரத்துக்கு மட்டும். கோயில் பக்கத்தைப் பாக்குறவங்க கண்ணுக்குப் பேர் தெரியும். தொட்டா கடையும் திறக்கும். இயந்திரம் மட்டும் அதைச் சிபாரிசா எண்ணாது. அந்தக் குழு வெச்சிருக்கிறது ஒரே அச்சுதானே? ஒரு இடத்துல எழுதினா எல்லாப் பக்கத்துலயும் மாறிடும். அப்புறம் உண்மையை எழுதி மன்னிப்புக் கேக்கலாம். வாரக்கணக்காகும். பழைய இடம் திரும்பக் கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா தண்டனை நீங்க வழி உண்டு.”

“சாமி எண்ணுவாராப்பா?” என்று சிதம்பரம் குழந்தைபோல் கேட்டார்.

“சாமி தேடுபொறி இல்லை ஐயா” என்றான் மணிவேல். “முதல் பக்கத்துல வந்தாத்தான் பார்ப்பேன்னு சொல்ல மாட்டார்.”

முதியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். சங்கவி சுவர்க் கடிகாரத்தை நோக்கினாள். மணி மூன்று ஆவதற்குச் சிறிது பொழுது மீதமிருந்தது.

“நல்லவேளை. நேரத்துக்கு வந்துட்டோம்மா. அந்தப் புகாரை அழிச்சுடுங்க.”

மகேஸ்வரியம்மாளின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ வடிந்துவிட்டாற்போல் இருந்தது. அந்தப் பதற்றத்தின் பொருள் இப்போது சங்கவிக்கு விளங்கிற்று.

“அனுப்பிட்டீங்களா?”

“காலையிலே. பூஜைக்கு எடுத்திருந்த பெரிய ஆர்டர் ஒண்ணு கையை விட்டுப் போச்சு. மனசு தாங்கலை. எமகண்டம் முடியட்டும்னு காத்திருந்து, முடிஞ்ச உடனே...” அவர் நரேனைப் பார்க்காமல் தரையை நோக்கிப் பேசினார். “நல்லதுதான் செய்யறேன்னு நினைச்சேன்.”

நாள் பார்த்துச் செய்கிறவர், தாம் நல்லது செய்வதாக நம்புகிறவர். தான் சொன்ன சொல்லே மறுபக்கம் திரும்பித் தன் முன்னே நிற்பதைச் சங்கவி கண்டாள். கணவரும் மனைவியும் ஒரே பஞ்சாங்கத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

நரேன் சுவரில் சாய்ந்தான். “கம்பெனிக்கா, மாஷிமா?”

அக்கேள்வி முடியுமுன் அவன் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். “என் மேனேஜர்” என்றான். எடுக்கவும் துணியாமல், வைக்கவும் மாட்டாமல் அதைப் பளிங்கு மேசைமேல் வைத்தான். அது கல்லில் உறுமிக்கொண்டே நகர்ந்தது.

மகேஸ்வரியம்மாள் கல்லாவை விட்டு எழுந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

“மகேசு” என்று சிதம்பரம் பதறினார். “ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. கொஞ்சம் பொறுத்து...”

அம்மையார் கடிகாரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பை எட்டிவிட்ட கைப்பேசியை, விழுமுன் எடுத்துக் காதில் வைத்தார்.

“ஆமி மகேஸ்வரி போல்ச்சி” என்று தம் பெயரைச் சொன்னார். காலையில் புகார் எழுதியவள் நான்தான் என்றார். அந்தப் பிள்ளைமேல் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுவதும் என் வீட்டினுடையது, எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருகிறேன், நேரில் வரச் சொன்னால் இப்போதே வருகிறேன் என்று, நாற்பதாண்டுக் காலம் சந்தையில் பேசிப் பழகிய வங்காளத்தில், ஒரு சொல்லும் தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

நரேன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மையார் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், விடை வரட்டும் என்று காத்திருந்தார்.